ரயில் போன பிறகு நிற்கிறவன்

786
திருகோணமலை
5.2.1967

அன்பின் றஹ்மா மச்சிக்கு, மதினி பல்கீஸ் ஸலாம் கூறி எழுதுவது.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே இரண்டு பேரும் சுகமாயிருக்கிறோம். நீங்களும் உங்கள் வீட்டுக்காரர் தம்பி தாஹிரும் சுகமாயிருக்க நோன்பு முழுவதும் துஆக் கேட்டேன். பெருநாளைக்கு நீங்கள் அனுப்பிய மஸ்கட் அல்வா நசுங்காமல் வந்து சேர்ந்தது.

உங்கள் கூடப்பிறந்த காக்காவைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்கள். நானும் ஒவ்வொரு முறையும் "இருக்கிறார்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவேன். எங்கள் பிள்ளை ஜவாஹிர் மௌத்தாகிப் போன நாளிலிருந்து அந்த ஒரு சொல்லுக்கு மேல் எழுத எதுவும் இருக்கவில்லை. இந்த முறை கொஞ்சம் இருக்கிறது.

போன மாதக் கணக்கை எழுதும்போது தீப்பெட்டி வழக்கத்தைவிட மிகவும் கூடியிருந்தது. ஈர விறகைத்தான் முதலில் திட்டினேன். பிறகு பின்னறைக்குள் போய்ப் பார்த்தால், தீக்குச்சிகளின் மருந்தைச் சுரண்டிவிட்டுச் சின்னதாய் ஒரு வேலி கட்டி வைத்திருக்கிறார். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு மேடை. மேடைக்குக் கீழே, தேயிலைப் பெட்டித் தகரத்தை நறுக்கி இரண்டு கோடு.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"ஸ்டேஷன்" என்றார்.

"எந்த ஸ்டேஷன்?"

"எங்கட ஸ்டேஷன்தான். வேற எது?"

வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போன வருஷம், டொக்யாட் தச்சுப் பட்டறையில் இவருக்கு மேலே இருந்த துரை, சாவி கொடுத்தால் ஓடும் ஒரு சின்ன எஞ்சினைக் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளை விளையாட என்று கொண்டுவந்தது. இத்தனை காலமும் அலுமாரிக்கு மேல் துணி சுற்றிக் கிடந்தது. அதை இறக்கி எண்ணெய் போட்டிருக்கிறார். இப்போது சாப்பிட வா என்றால் வருகிறார். நேற்று, "கூரைக்குப் பட்டர் பேணித் தகரம் வேணும், எறிஞ்சிடாத" என்று தானாகவே என்னிடம் கதைத்தார்.

ஆகஸ்டில் ரயில்வே ஆட்கள் சிலர் சேர்ந்து சின்ன ரயில்களைக் கண்காட்சியாக வைக்கப்போவதாகத் தம்பி தாஹிர் முன்பு எழுதியிருந்தார். அதில் உங்கள் காக்காவுக்கும் ஒரு இடம் கிடைக்குமா என்று கேட்டு எழுதுங்கள். இதை அவர் கேட்கச் சொல்லவில்லை. ஒரு நாள் குறித்துக் கொடுத்தால் அதுவரைக்குமாவது மனிதன் எழும்பி நடமாடுவார் என்று நான்தான் கேட்கிறேன்.

வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கை. பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துஆவுடன்,
பல்கீஸ்

—

786
மருதானை, கொழும்பு
21.2.1967

கண்ணியமுள்ள மதினிக்கு, றஹ்மாவின் ஸலாம்.

நாங்கள் நலம். இவருக்கு மட்டும் பழைய முழங்கால் வலி, அது போகாது. உங்கள் கடிதத்தைக் குசினியில் நின்று வாசித்து அழுதேன். இவர் வந்து பார்த்துவிட்டு, "வெங்காயத்தை நாளைக்கு வெட்டலாமே" என்றார்.

காக்கா ரயில் செய்கிறார் என்று சொன்னதும் இவருக்கு நம்பிக்கை வரவில்லை. "மச்சான் ஒரு கதவு செய்தா அதைத் திறக்க நாலு பேர் வேணும், அவ்வளவு பாரம். அவர் தீக்குச்சி ஒட்டுறாரா?" என்று கேட்டார். அடுத்த நாளே போய் இடம் கேட்டு வந்துவிட்டார். கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் இரண்டு நாள்.

ஆனால் ஒரு விஷயம். சனமில்லாத ஸ்டேஷனை நடுவர்கள் விரும்ப மாட்டார்களாம். எவ்வளவு நன்றாகச் செய்தாலும், ஆட்கள் நிற்காவிட்டால் அது செத்த ஊர் போல இருக்கும் என்று சொன்னார்களாம். அதற்காக இவர் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் இங்கிலாந்து ஈயப் பொம்மைகள் கொஞ்சம் வாங்கியிருக்கிறார். பெட்டியாக இத்துடன் அனுப்புகிறேன். நீங்கள் ஒன்றும் நினைக்க வேண்டாம்.

கண்காட்சிக்கு நீங்களும் காக்காவோடு கட்டாயம் வரவேண்டும். ஜவாஹிர் மௌத்துக்குப் பிறகு இந்த வீட்டுப் படி நீங்கள் மிதிக்கவில்லை. முன் அறையில் தங்கலாம். இல்லை, முன் அறை வேண்டாம். நடு அறையை ஒழுங்குபண்ணித் தருகிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
றஹ்மா

—

786
திருகோணமலை
12.3.1967

அன்பின் றஹ்மா மச்சிக்கு, ஸலாம்.

எல்லோரும் சுகம். தம்பியின் முழங்காலுக்கு நல்லெண்ணெயில் வேம்பம்பூப் போட்டுக் காய்ச்சிப் பூசிப் பாருங்கள்.

பெட்டி வந்தது. கோபிக்க வேண்டாம், அதை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். தொப்பி போட்ட துரைமார் மூன்று பேர், சாமான் தூக்குகிறவன் ஒருவன், முழங்கால் வரைக்கும் கவுண் போட்ட துரைசாணி ஒருத்தி, ஒரு நாய். கைகாட்டி இழுக்கிற இராசதுரை பின்வீட்டில்தானே இருக்கிறார், ஸ்டேஷன் அளவு சரியா என்று பார்க்க அடிக்கடி வருவார். அந்தத் துரைசாணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இவ எங்கட ஸ்டேஷனில் இறங்கினா நான் கைகாட்டியை இழுக்க மறந்திடுவன். ரெண்டு கோச்சி முட்டும்" என்றார். உங்கள் காக்கா சிரித்தார். அந்தச் சத்தத்துக்காகப் பெட்டியை வைத்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

ஆனால் மச்சி, உருவம் செய்கிறவனை மறுமையில் நிறுத்தி, இதற்கு உயிர் கொடு என்று கேட்கப்படும், கொடுக்க ஏலாமல் அவன் நிற்பான் என்று எனக்கு ஓதிக்கொடுத்த லெப்பை சொல்லித்தந்தார். நான் வேறு படிப்புப் படிக்கவில்லை. படித்த கொஞ்சத்தை விட ஏலாது. இவரும் சரி என்றார்.

ஆட்களுக்குப் பதிலாக ஆட்கள் வைத்துவிட்டுப் போன சாமான்களை நான் செய்து கொடுக்கிறேன். ஒரு பாய்ச்சுருள், மடக்கிய குடை, நண்டுக் கூடை, தண்ணீர்ச் செம்பு, சுவரில் சாய்த்த சைக்கிள். சைக்கிளின் கம்பிகளுக்குத் தலைமயிர்தான் சரியாக வந்தது. பார்த்தால், சனம் இப்போதுதான் எழும்பி ரயிலில் ஏறியது போல இருக்கிறது. தண்டவாளப் பாதைக்குப் போடும் கல்லை அரிசி அரிதட்டில் அரித்தோம். அந்த அரிதட்டு இனிக் குசினிக்கு உதவாது. இங்கிலாந்து எஞ்சினின் சக்கரம் எங்கள் பாதைக்கு ஒடுக்கம். சக்கரத்தை மாற்ற ஏலாததால் பாதையைக் குறுக்கினார். அதற்கு இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, நான் குறுக்கச் சொன்னதுபோல.

தம்பிக்கு என் ஸலாமும் வருத்தமும்.

பல்கீஸ்

—

786
மருதானை
2.4.1967

மதினிக்கு ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடியாகப் போனது. இங்கே இறைச்சி பங்குவைத்து முடிய அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது.

பெட்டி வந்து சேர்ந்தது. "மதினி என்ட ஆட்களை நாடு கடத்திட்டா" என்று இவர் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். கோபம் இல்லை, நீங்கள் யோசிக்க வேண்டாம். உங்கள் சாமான்களைப் பற்றிச் சொன்னதும், "அது நல்லாயிருக்கும்" என்றார்.

காக்கா சிரித்தார் என்று எழுதியிருந்தீர்களே, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

ஒன்று கேட்கலாமா? ஏன் அந்த ஸ்டேஷன்? டொக்யாட் இருக்கிறது, சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன, காக்காவுக்குத் தெரியாத இடமா? நான் கேட்டது பிழையென்றால் பதில் எழுத வேண்டாம்.

றஹ்மா

—

786
திருகோணமலை
30.4.1967

றஹ்மா மச்சிக்கு ஸலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பின்னறையைக் கூட்டும்போது மேடைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத்துணி மூடிக் கிடந்தது. எடுத்தேன். வேப்பங்கட்டையில் செதுக்கிய ஒரு ஆள். என் சுண்டுவிரலில் பாதிக்குக் கொஞ்சம் கூட. முகம் கடுகளவு, மூக்கு மட்டும்தான் தெரிகிறது. ஆனால் ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மற்றக் காலை மடித்து, தோளைச் சரித்துக்கொண்டு நிற்கிறது. யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. நேராய் நில்லுடா என்று சின்ன வயதிலிருந்து ஏசி, நேராகாத தோள் அது.

கொழும்புக்கு வேலை பழகப் புறப்பட்ட அன்றைக்குப் பிள்ளை இங்கே பிளாட்போமில் எப்படி நின்றான் என்று எனக்குத் தெரியாது. பொம்பிளைகள் ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லையே. நான் வீட்டுக் கடப்படியில் நின்று அனுப்பினேன். கடைசியாக அவன் நின்ற இடத்தைப் பார்த்தது இவர் மட்டும்.

"இது பாவம்" என்றேன்.

"தெரியும்."

"நாளைக்கு இதுக்கு உயிர் குடு என்று அல்லாஹ் கேட்பான். என்ன சொல்லப்போறீங்க?"

"கேட்கட்டும். ரெண்டு வருசமா நான் அவனிட்ட அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்றார்.

நான் இஸ்திக்ஃபார் சொல்லி, பிழை பொறுக்கக் கேட்டுக்கொண்டு குசினிக்கு வந்துவிட்டேன். பாத்திஹா ஓத வந்த லெப்பையிடம் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். நல்ல மனுஷன், யோசித்துத்தான் சொன்னார். "தலையை எடுத்திட்டாத் தோஷமில்ல, தங்கச்சி. தலையில்லாத உருவம் மரம் மாதிரித்தான்" என்றார். இவரும் கேட்டுக்கொண்டிருந்தார். லெப்பை போன பிறகு அதை எடுத்துக் கழுத்தில் கத்தியை வைத்தார். கத்தி அதற்கு மேல் இறங்கவில்லை. பிறகு கத்தியை என்னிடம் நீட்டி, "நீ செய்" என்றார். நான் வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அதன்பிறகு எஞ்சினுக்குச் சாவி கொடுத்தார். பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்து மேடையோரம் நின்றது. கைகாட்டியை இறக்கி, பாதையிலிருக்கும் சின்னத் தடுப்பை விரலால் விலக்கினார். புறப்பட்டுப் போய் வளைவில் மறைந்தது. மேடையில் அந்த வேப்பங்கட்டை மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"பார்த்தியா, கோச்சி போயிட்டு. அவன் போகல்ல" என்றார்.

இதைத்தான் கொழும்பில் நாலு பேருக்கு முன் வைக்கப்போகிறார். வைத்தால் நான் எப்படிப் பொறுப்பேன், வேண்டாமென்றால் இவர் மறுபடியும் அந்த ஒரு சொல்லுக்குள் போய்விடுவார், அதை எப்படிப் பொறுப்பேன்? உங்களுக்கு இது விளங்குமோ தெரியாது. அவன் முகத்தைக் கடைசியாய்ப் பார்த்தது நீங்கள். இரவு ரயிலில் நாங்கள் ஓடி வந்தபோது உங்கள் காக்காவுக்கு அடக்கிய இடத்து ஈரமண்ணைக் காட்டினார்கள். எனக்கு அதுவும் இல்லை. ஒரு இரவு பொறுத்திருக்கலாம்.

பல்கீஸ்

—

மருதானை
12.6.1967

மச்சான் ஸெய்னுதீன் அவர்களுக்கு, தாஹிர் ஸலாம் சொல்லி எழுதுவது.

நாங்கள் சுகம், உங்கள் சுகமறிய எழுதவும்.

கண்காட்சிக் காரியம். ஒரே பலகையாகச் செய்திருந்தால் அது உங்கள் அறைக் கதவாலும் வராது, மண்டபக் கதவாலும் போகாது. மூன்றாக அறுங்கள். வளைவில் அறுக்க வேண்டாம், நேர்ப்பாதையில் குறுக்கே அறுத்துப் பூட்டாணி போடுங்கள். பொருத்தும்போது தண்டவாளம் மயிரளவு விலகினாலும் எஞ்சின் குப்புற விழும். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆளில்லாத ஸ்டேஷனா என்று அமைப்பாளர் மறுபடி கேட்டார். திருகோணமலையில் கோச்சி நேரத்துக்கு வெளிக்கிடும், ஆகையால் யாரும் காத்து நிற்பதில்லை என்று சொன்னேன். அவர் ரயில்வேயில் இருபது வருஷம் இருந்தவர், நம்பவில்லை.

மதினிக்கு றஹ்மாவிடமிருந்து கடிதம் வராதது பற்றி. சுகமாகத்தான் இருக்கிறாள். உங்கள் வீட்டிலிருந்து கடைசிக் கடிதம் வந்த நாளிலிருந்து முன் அறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
தாஹிர்

—

786
திருகோணமலை
25.6.1967

அன்பின் றஹ்மா மச்சிக்கு ஸலாம்.

தம்பியின் கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்து இல்லாத உறை உங்கள் வீட்டிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை. போன கடிதத்தின் கடைசி வரிகளை எழுதும்போது அடுப்பில் பால் பொங்கியது, இறக்கிவிட்டு வந்து மறுபடி வாசிக்காமல் ஒட்டிவிட்டேன். வாசித்திருந்தாலும் அனுப்பியிருப்பேனோ என்று எனக்கே தெரியாது. அதனால் மன்னிப்பு என்ற சொல்லை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதுங்கள், மச்சி. ஏசியாவது எழுதுங்கள்.

இங்கே வேலை முடிகிற கட்டம். பலகையை அறுக்க இராசதுரை ஒரு பக்கம் பிடித்தார். அறுத்து முடியும்வரை இரண்டு பேரும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. ஸ்டேஷனுக்கும் கூரைக்கும் வேலிக்கும் நிறம் பூசியாகிவிட்டது. அந்த உருவம் மட்டும் இன்னும் வெறுங்கட்டை. அன்றைக்குப் பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்று இவருக்கு ஞாபகம் வரவில்லை. நின்ற நிலை ஞாபகம் இருக்கிறது, கையில் பிடித்த பை ஞாபகம் இருக்கிறது, சட்டை இல்லை. இராசதுரையைக் கேட்டார்.

"வெள்ளை போலக் கிடந்தது, காக்கா."

"வெள்ளையில்ல."

"அப்ப நீலமோ?"

"நீ அன்றைக்கு வேலையிலதானே நின்றனீ? கண்ணை எங்க வச்சிருந்தனீ?"

"கோச்சியில, காக்கா. அதுக்குத்தானே சம்பளம் தாறாங்கள்."

நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் இவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அது கொழும்புக்குப் போனால் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "அப்ப நில்லு" என்றார்.

உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கும்,
பல்கீஸ்

—

786
மருதானை
16.7.1967

மதினிக்கு, றஹ்மாவின் ஸலாம்.

நான் உங்களை ஏச மாட்டேன். எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஸுபஹு பாங்கு சொல்லும்போது அவன் மூச்சு நின்றது. விடிந்ததும் இவர் தந்தி கொடுக்க ஓடினார். ஆட்கள் வந்தார்கள், குளிப்பாட்டினார்கள், கபன் துணி சுற்றினார்கள். நான் முன் அறைக் கதவுநிலையில் கையை வைத்துக்கொண்டு, காக்காவும் மதினியும் வரும்வரை எடுக்க வேண்டாம் என்றேன். பள்ளியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "மையித்தைக் காக்க வைக்கப்படாது மகள், காய்ச்சல் கண்ட உடம்பு" என்றார். அவர் சொன்னது மார்க்கம்தான். என் கையை யாரோ எடுத்துவிட்டார்கள். யார் என்று இன்றுவரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முகத்தைப் பற்றி நீங்கள் ஒருபோதும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் என்னோடு இருக்கட்டும்.

வேறொன்று சொல்ல இருக்கிறது. உங்கள் கடிதத்தில் ஸ்டேஷன் கதையை வாசித்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. அவன் இங்கே வந்து இறங்கிய முதல் நாள், இடியப்பத்தை வாயில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"மாமி, வாப்பாட கதையக் கேளுங்க. கோச்சி வெளிக்கிட்ட நேரம் எட்டிப் பார்த்தனான். எல்லாரும் கை காட்டுறாங்க. வாப்பா கையக்கூடத் தூக்கல்ல. நட்டுவச்ச கம்பு மாதிரி நிற்கிறார். சனமெல்லாம் திரும்பிப் போயிட்டு. வளைவு வரைக்கும் பார்த்தன், அவர் மட்டும் தனிய நிற்கிறார். ஸ்டேஷன் மாஸ்டர் விளக்கையும் அணைச்சிட்டுப் போயிருப்பார் மாமி, இவர் விடிய விடிய நின்றிருப்பார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு பாதி இடியப்பத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழும்பினான்.

காக்காவிடம் இதைச் சொல்வதா விடுவதா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள்.

றஹ்மா

—

786
திருகோணமலை
6.8.1967

அன்பின் றஹ்மாவுக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ளை இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டு சொன்ன இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எழும்பிப் பின்னறைக்குப் போனார். அன்றைக்கு எஞ்சின் சத்தம் கேட்கவில்லை.

மூன்று பலகையையும் பழைய பாயில் சுற்றிக் கட்டியாகிவிட்டது. சரக்குப் பெட்டியில் ஏற்ற இராசதுரை ஒழுங்கு செய்து தருகிறார். "தலைகீழாய் வச்சா சனத்தின்ர சாமான் எல்லாம் கொட்டிடும் என்று எழுதி ஒட்டுங்கோ" என்கிறார்.

நானும் வருகிறேன். ஏன் என்று இப்போது கேட்க வேண்டாம். அவனுடைய முகத்தைப் பற்றி உங்களிடம் கேட்பேன், எழுத வேண்டாம், வந்து பக்கத்தில் இருந்து கேட்கிறேன். நடு அறை வேண்டாம். முன் அறையைத் திறந்து வையுங்கள்.

பல்கீஸ்

—

786
மருதானை
10.9.1967

அன்பின் மதினிக்கு ஸலாம். நீங்கள் இரண்டு பேரும் நல்லபடியாய்ப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். இவருடைய முழங்கால் உங்கள் எண்ணெய்க்குக் கொஞ்சம் கேட்கிறது.

முன் அறையில் நாம் கதைத்ததை எழுத மாட்டேன். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது என்று மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் மண்டபத்தில் தூணுக்குப் பின்னால், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றதால் உங்களுக்குக் கேட்டிருக்காது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நெடுநேரம் மேசையில் நாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் காக்காவிடம் கேட்டது.

"அங்கிள், இந்த அண்ணா ஏறல்லையே. டிக்கட் இல்லையா?"

"இருக்கு மகன்."

"அப்ப அடுத்த கோச்சியில போவாரா?"

"இல்ல. இவர் போகல்ல."

அந்தப் பிள்ளைக்கு அது நல்ல பதிலாக இருந்திருக்க வேண்டும். தாயைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவர் போக மாட்டார், பாருங்க" என்று காட்டியது. இரண்டு நாளும் ரயில் வந்து வந்து போனது. ஒவ்வொரு தரமும் ரயில் வளைவில் மறையும்போது காக்கா அதைப் பார்க்கவில்லை, மேடையைத்தான் பார்த்தார். நடுவர்கள் வேலைப்பாடு மிகத் திறம் என்றும் ஒரே ஒரு பயணியை வைத்தது குறை என்றும் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். பரிசு வேறு யாருக்கோ போனது. காக்கா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

மதினி, அங்கே வைத்துக் கேட்க வாய் வரவில்லை, இப்போது கேட்கிறேன். காக்காவுக்குச் சட்டை நிறம் மறந்துபோனது என்று எழுதினீர்கள். இராசதுரை வெள்ளை என்றார், நீலம் என்றார். மேடையில் நின்றவனுக்கு இளம்பச்சைச் சட்டை. நீங்கள் சன்னல் திரை தைத்து மிஞ்சிய துணியில் தைத்துக் கொடுத்தது. "மாமி, சன்னலைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறன்" என்று சொல்லிக்கொண்டுதானே என் வீட்டு வாசலில் ஏறினான். அந்தப் பச்சையைத் தெரிந்தவர்கள் இனி உலகத்தில் இரண்டே பேர். நான் அதைத் தொடவில்லை.

கத்தியை அலுமாரியில் வைத்துப் பூட்டியவர் நீங்கள். ஈயப் பொம்மையைத் திருப்பி அனுப்பியவர் நீங்கள். நீங்கள் செய்வீர்கள் என்று என்னால் நினைக்க ஏலாமல் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

றஹ்மா

—

786
திருகோணமலை
24.9.1967

அன்பின் றஹ்மாவுக்கு, பல்கீஸின் ஸலாம். நாங்கள் சுகம். பலகைகளை அவிழ்த்துப் பொருத்தியாகிவிட்டது. இவர் இப்போது இராசதுரையின் வீட்டுக்கு ஒரு கதவு செய்கிறார், பாரமான கதவுதான்.

ஓம், நான்தான் பூசினேன்.

உங்கள் ஜூலைக் கடிதத்தை அவருக்கு வாசித்த அடுத்த நாள், ஸுபஹு தொழுதுவிட்டுப் பின்னறைக்குப் போனேன். அவர் கடலோரம் போயிருந்தார். கதவுக்குப் பூசுகிற பச்சையில் வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கலந்து, ஒவ்வொரு தரமும் சன்னல் திரையில் ஒரு நூலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். திரை வெயிலில் வெளிறியிருக்கிறது, மடிப்புக்குள்தான் பழைய நிறம் இருந்தது. கோழி இறகின் நுனியால் பூசினேன். கொலருக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான் இடம். தொழுகைக்குப் போல கைகால் கழுவி ஒளு எடுத்துக்கொண்டா செய்தேன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன், எடுத்துக்கொண்டுதான் செய்தேன்.

அவர் வந்து பார்த்தார். ஈரம் காயவில்லை. கட்டைவிரலில் பச்சை பட்டது. "இதுதான்" என்றார்.

இது பாவமில்லை என்று நான் மனதைத் தேற்றிக்கொள்ளவில்லை, மச்சி. லெப்பையிடமும் கேட்கவில்லை. கேட்டால் அவர் பொய் சொல்ல மாட்டார். ஒவ்வொரு தொழுகையிலும் இதற்காகப் பிழை பொறுக்கக் கேட்கிறேன், ஆனால் பூசியதை அழிக்கவில்லை. ஆகையால் என் தௌபா நிறைவேறுமோ என்பதும் எனக்குத் தெரியாது.

நீங்கள் எழுதியதை வாசித்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அன்றைக்கு நான் கடப்படியில் நின்று பிள்ளையை அனுப்பிவிட்டு, உள்ளே வந்து சோற்றை இறக்கினேன், உடுப்பு மடித்தேன், இவர் ஏன் பிந்துகிறார் என்று கோபப்பட்டேன். இவர் அங்கே தனிய நின்றிருக்கிறார். வந்தும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாளைக்கு மறுமையில் இவரைக் கூப்பிட்டு, நீ செய்ததற்கு உயிர் கொடு என்று கேட்கும்போதும் இவர் அப்படித்தான் நிற்பார். ஒரு பதில் சொல்லத் தெரியாது, கையைக்கூடத் தூக்க மாட்டார். சட்டைக்கு நிறம் பூசியவளும் செய்தவள்தானே, மச்சி. அப்போது என்னையும் கூப்பிட்டு அவருக்குப் பக்கத்தில் நிறுத்தியாக வேண்டும்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஸலாம்.

பல்கீஸ்